சிவப்புச் சேட்டும் கூடைப்பந்து மாநாடும்

1

நோர்வேயிலை, பியோர்ண்டாலிலை நாங்கள் இருக்கிற மாடிக்கட்டடத்துக்குக் கீழை, நிலவறையிலை, ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பிவலை அடிச்ச ஒரு சின்ன அறை இருக்கு. எங்கடை அறையிலை பனிச்சறுக்குத் தடி ரெண்டு சோடி, மனிசி எறிய விடாத சூட்கேஸ் நாலு, அதோடை ஒரு பெட்டி நிறைய சிவப்புச் சேட்டு. நாப்பது சேட்டு. முதுகுப் பக்கம் வெள்ளை எழுத்திலை ‘துளசி’ எண்டு அடிச்சிருக்கு. ஒரு வருஷமா நான் கீழை போனால் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் மேலை வந்திடுவன்.

துளசி எங்கடை ஒரே மகள். இந்தக் கட்டடத்திலையே வளந்தவ. போன வருஷத்துக்கு முதல் வருஷம் அமெரிக்காவுக்குப் போனா, கூடைப்பந்து விளையாடிக்கொண்டு படிக்க. ஓம், சரியாத்தான் வாசிக்கிறியள். சுத்திவர சோளக்காடு, நடுவிலை ஒரு கல்லூரி. பிள்ளை பந்தைக் கூடைக்குள்ளை போடுவா எண்ட நம்பிக்கையிலை அந்தக் கல்லூரி படிப்புச் செலவை ஏற்றிருக்கு. ஊரிலை இருக்கிற என்ரை அக்காவுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் போச்சு. கடைசியிலை அக்கா கேட்டா, “அப்ப பிள்ளை எப்ப படிக்கிறது?”

நான் ஒரு பள்ளிக்கூடத்திலை வாக்ட்மெஸ்டர். குழாய் திருத்துறது, லைற் மாத்துறது, பனி அள்ளுறது, கதவுத் திறப்புகளை வைச்சிருக்கிறது என்ரை வேலை. அந்தத் திறப்புகளிலை ஒண்டு யிம்சால் எண்டு இவை சொல்லுற உடற்பயிற்சி மண்டபத்தின்ரை. ஞாயிற்றுக்கிழமைகளிலை நான் கதிரை திருத்தப் போகேக்கை துளசியும் பந்தோடை வருவா. நான் ஆணி அடிக்கிற சத்தமும் அவ பந்து தட்டுற சத்தமும்தான் எங்கடை ஞாயிறு.

நத்தாருக்கு முதல், யன்னல்களிலை அட்வென்ற் நட்சத்திரம் தொங்கத் தொடங்கின கிழமை, தவம் அண்ணை ரெலிபோன் எடுத்தார். மட்டக்களப்பு ஆள், எங்கடை தமிழ்ச் சங்கத்தின்ரை ஆண்டு மலருக்கு ஆசிரியர். “தம்பி, பொங்கல் மலருக்கு விளையாட்டுப் பக்கம் ஒண்டு வேணும்கா. நம்மட புள்ளட போட்டித் தொடர் தையிலதானே தொடங்குது? ஆரு வெல்லுவாங்க, ஆரு தோப்பாங்க எண்டு ஒரு முன்னோட்டம் எழுதித் தாங்க” எண்டார்.

எழுதலாம். ஆனால் அதை எழுத எனக்கு ஒரு விசயம் தெரியவேணும்: துளசி விளையாடுறாவோ இல்லையோ. ஒரு வருஷமா பிள்ளையிட்டை நான் கேக்காமல் விட்ட கேள்வியும் அதுதான்.

2

ஏன் கேக்கேல்லை எண்டு சொல்லுறன்.

அவ போய் ஒண்டரை மாசத்திலை எனக்கு ஒரு அழைப்பு வந்தது. நான் பள்ளிக்கூடத்திலை அடைபட்ட கைகழுவுற சிங் ஒண்டுக்குக் கீழை மல்லாந்து படுத்திருந்தன்.

“அப்பா, இந்த வருஷம் எனக்கு ரெட்ஷேர்ட் தந்திட்டினம்.”

“சிவப்புச் சேட்டோ?”

“ஓம்.”

“உனக்கு மட்டுமோ?”

“எனக்கும் இன்னொரு பிள்ளைக்கும்.”

“மற்ற ஆக்களுக்கு இல்லையோ?”

“இல்லை அப்பா, மற்ற ஆக்கள் எல்லாம்...” எண்டு தொடங்கினவ. நான் விடேல்லை. “கெட்டிக்காரி. உனக்குத்தான் தருவினம் எண்டு எனக்கு அப்பவே தெரியும்” எண்டன். பிறகு “ஓம் அப்பா” எண்டா. என்ன அடக்கமான பிள்ளை எண்டு நினைச்சன். சிங் தண்ணி முகத்திலை வடிஞ்சுகொண்டிருக்க, அதைத் துடைக்காமல் சிரிச்சுக்கொண்டு கிடந்தன்.

என்னை ஏசமுதல் ஒண்டு யோசியுங்கோ. யாழ்ப்பாணத்திலை பள்ளிக்கூடத்துக்கு விளையாடின ஆக்களுக்கு வர்ண விருது தெரியும். கலர்ஸ் எண்டு சொல்லுவம். திறமான ஆளுக்கு மட்டும்தான் குடுப்பினம். கலர்ஸ் வாங்கின பெடியனுக்கு கன்ரீனிலை வரிசை இல்லை. நான் ரெண்டு வருஷம் உதைபந்தாட்ட அணியிலை ஓடியும் எனக்கு அது கிடைக்கேல்லை. பிறகு நோர்வேக்கு வந்து வடக்கை பாட்ஸ்பியோர்டிலை மீன் வெட்டப் போனன். அந்தத் தொழிற்சாலையிலை எங்கள் எல்லாருக்கும் வெள்ளைத் தொப்பி, மேற்பார்வை பார்க்கிற மனிசிக்கு மட்டும் சிவப்பு. ஆறு வருஷம் அந்தச் சிவப்புத் தொப்பியைப் பார்த்துப் பார்த்து மீன் வெட்டினனான். அப்பிடிப்பட்டவனுக்கு மகள் சிவப்புச் சேட்டு எண்டு சொன்னால் அவன் என்னத்தை நினைப்பான்?

என்ரை மனிசி ரஞ்சி மட்டும் ஒரு கேள்வி கேட்டவ. “துவைக்கேக்கை சாயம் போகுமோ எண்டு கேட்டனீங்களோ?”

தவம் அண்ணைக்குச் சொன்னன். அவருக்கு ஒரு செய்தி கிடைச்சால் அதுக்கு மண்டபம் பிடிக்காமல் விடமாட்டார். பாராட்டு விழா எண்டு நோட்டீஸ் அடிச்சார். நான் நாப்பது சிவப்புச் சேட்டு அடிப்பிச்சன். துளசி அமெரிக்காவிலை எண்டபடியாலை மேடையிலை ஒரு கதிரை போட்டு, அதிலை ஒரு சேட்டைக் கொழுவி, அந்தக் கதிரைக்குப் பொன்னாடை போத்தினம். ஆறு பேர் மாலை போட்டினம். தவம் அண்ணை ஒலிவாங்கியைப் பிடிச்சு, “நம்மட சமூகத்தில சிவப்புச் சேட்டு வாங்கின முதல் பொம்புளப் புள்ள” எண்டு முழங்க, சனம் எழும்பி நிண்டு கைதட்டிச்சுது. மாலையோடை இருந்த கதிரையைப் படம் எடுத்துத் துளசிக்கு அனுப்பினன்.

ரெண்டு நாளாலை ஒரே ஒரு சொல்லு வந்தது. ஃபீன்ட். வடிவா இருக்கு எண்டதுக்கும் சரி, சரி விடுங்கோ எண்டதுக்கும் நோர்வேஜியர் அந்த ஒரு சொல்லைத்தான் வைச்சிருக்கினம். எது எண்டு குரலிலைதான் தெரியும். எழுத்திலை குரல் இல்லை.

3

விழா முடிஞ்சு வடை தீர்ந்தாப்பிறகு, கார் நிறுத்துற இடத்திலை செந்தில் என்னைப் பிடிச்சார். லில்லெஸ்ட்ரோமிலை இருக்கிற கோயம்புத்தூர்க்காரர். கொம்பியூட்டர் வேலை. படிக்கேக்கை கூடைப்பந்து ஆடினவராம்.

“அண்ணா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? நோட்டீஸ்ல சிவப்புச் சேட்டுன்னு பாத்துட்டு நான் வேற நெனச்சுட்டேன். எங்க ஊர்ல சேட்டுன்னா அடகுக்கடைக்காரருங்க. யாரோ பெரிய ஆளுக்கு விழான்னு வந்தேன்.”

“சரி, அதுக்கென்ன?”

“இல்லீங்கண்ணா, ரெட்ஷர்ட்ன்னா அவார்டு இல்லீங்க. அந்த வருஷம் டீம்ல இருப்பாங்க, பிராக்டிஸ் பண்ணுவாங்க, மேட்ச்ல மட்டும் எறக்க மாட்டாங்க. பூரா சீசனும்.”

“தண்டனையோ?”

“தண்டனையும் இல்லீங்க. இந்த வருஷம் ரெடி ஆகல, அடுத்த வருஷம் பாக்கலாம்னு எடுத்து வெச்சுக்கறது. சட்டைன்னு தனியா ஒண்ணும் தர மாட்டாங்க.”

சட்டையே இல்லையாம். என்ரை கார் டிக்கியிலை நாப்பது கிடந்தது.

ரெண்டு நாள் நான் ரஞ்சிக்குச் சொல்லேல்லை. சொன்ன அண்டைக்கு அவ குசினியிலை வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டவ. “கதிரைக்குப் பொன்னாடை போத்தினது சரிதான். பிள்ளை வருஷம் முழுக்க அதிலைதானே இருக்கப்போறா” எண்டா. பேந்து அழுதா. வெங்காயத்தாலை எண்டு நான் நினைச்சுக்கொண்டன்.

எனக்கு வெக்கம் சனத்துக்கு முன்னாலை இல்லை. சனம் அப்பவும் அதை விருது எண்டுதான் நம்பிக்கொண்டிருந்தது. எனக்கு வெக்கம் பிள்ளைக்கு முன்னாலை. உன்னை இறக்கமாட்டம் எண்டு பயிற்சியாளர் சொன்ன நாள் அவ என்னட்டைச் சொல்ல ரெலிபோன் எடுத்திருக்கிறா, நான் அவவின்ரை வாயை அடைச்சு, மண்டபம் பிடிச்சு, மாலை போட்டுக் கொண்டாடியிருக்கிறன். அதுக்குப் பிறகு எங்கடை கதை எல்லாம் காலநிலைதான். இஞ்சை பனி, அங்கை சோளம். இஞ்சை மழை, அங்கை சோளம் வெட்டியாச்சு. கோடைக்கும் பயிற்சி எண்டு வரேல்லை. ஆட்டங்களை இணையத்திலை பார்க்கலாம். பார்த்தால் தெரிஞ்சிடும். அதுக்குத்தான் பார்க்கேல்லை.

கலியாணவீடுகளிலை ஆக்கள் கேப்பினம், “இந்த முறையும் மகளுக்குச் சிவப்புச் சேட்டோ?” “பாப்பம்” எண்டுவன்.

4

இப்ப முன்னோட்டத்துக்கு வாறன். அமெரிக்காவிலை கல்லூரிகள் ஏழெட்டாச் சேர்ந்து ஒரு கூட்டு வைச்சிருக்கினம். வருஷத்திலை கொஞ்சக் காலம் வெளி ஆக்களோடை ஆடிப்போட்டு, தை மாசத்திலையிருந்து தங்களுக்குள்ளை ஆடுவினம். அந்தக் கூட்டுக்குப் பேர் கொன்ஃபரன்ஸ். தமிழிலை என்னெண்டு போடுறது எண்டு தவம் அண்ணையைக் கேட்டன்.

“இதுவும் ஒரு கேள்வியாகா? மாநாடு.”

அவ்வளவுதான். அடுத்த கிழமை வட்சப்பிலை நோட்டீஸ் சுத்தத் தொடங்கிட்டுது. ‘பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து மாநாடு. முதல் அமர்வு புதன்கிழமை மாலை ஆறு மணி. பெருந்திரையில் நேரலை. அனைவரும் வருக.’ புதன் ஆறு மணி எண்டது சரி. பள்ளிக்கூடப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுறதுக்காக அண்டைக்கு அங்கை காலமை பதினொரு மணிக்கே ஆட்டம் வைச்சிருந்தினம். மற்றதெல்லாம் அவரின்ரை கற்பனை. ட்ரம்மனிலை இருந்து ஒருத்தர் எனக்கு ரெலிபோன் எடுத்து, தன்ரை மனிசி நல்லாப் பேசுவா, பெண் கல்வியைப் பற்றிப் பத்து நிமிசம் ஒதுக்கேலுமோ எண்டு கேட்டார். இன்னொருத்தர், மாநாட்டுத் தீர்மானங்களை முன்கூட்டியே அனுப்பவேணுமோ எண்டார்.

மண்டபம் நான் திறப்பு வைச்சிருக்கிற யிம்சால்தான். திறப்பு என்னட்டை இருந்தாலும் விண்ணப்பம் போடவேணும். இணையப் படிவத்திலை நிகழ்ச்சியின்ரை வகை கேட்டது. விளையாட்டு எண்டு போட்டால் விளையாட்டுக் கழகத்தின்ரை பதிவு இலக்கம் கேக்குது. கொன்ஃபரன்ஸ் எண்டு போட்டால் பேச்சாளர் எத்தினை, கோப்பி எத்தினை கப் எண்டு கேக்குது. பேச்சாளர் ஒண்டு, கோப்பி அறுபது எண்டு போட்டன். மூண்டாம் நாள் பதில் வந்தது: அனுமதி உண்டு, நெருப்புக் கொழுத்தக் கூடாது, திறப்புக்கு வாக்ட்மெஸ்டரோடை தொடர்பு கொள்ளவும். அதே நிமிசம் வாக்ட்மெஸ்டருக்கு இன்னொரு கடிதம்: வாடகைக்கு எடுத்தவரோடை தொடர்பு கொண்டு திறப்பைக் குடுக்கவும், குடுத்ததை எழுத்திலை உறுதிப்படுத்தவும். வலது பொக்கற்றிலை இருந்த திறப்பை இடது பொக்கற்றுக்கு மாத்திப்போட்டு, குடுத்தாச்சு எண்டு எழுதி அனுப்பினன்.

நெருப்பு இல்லையெண்டால் குத்துவிளக்கு எப்பிடி ஏத்துறது எண்டு தவம் அண்ணை சண்டைக்கு வந்தார். கடைசியிலை பற்றரியிலை எரியிற மெழுகுதிரி அஞ்சு வாங்கி வைச்சம்.

எல்லாம் ஆயத்தம். முன்னோட்டம் மட்டும் எழுதேல்லை.

5

துளசிக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரெலிபோன் எடுத்தன். அங்கை காலமை.

“பிள்ளை, சங்கத்து மலருக்கு உங்கடை கொன்ஃபரன்சைப் பற்றி எழுதச் சொல்லுகினம். எனக்கு ஒண்டும் தெரியாது. மற்ற அணியளைப் பற்றிச் சொல்லுவியோ?”

“எல்லாத்தையும் பற்றியோ?”

“எல்லாத்தையும்.”

ஒரு வருஷமாக் காலநிலை கதைச்ச பிள்ளை ஒரு மணித்தியாலம் விடாமல் கதைச்சா. ஆர் எந்தக் கையாலை எறிவினம், ஆருக்கு முழங்கால் நோ, எந்தப் பயிற்சியாளர் கோவம் வந்தால் சப்பாத்தைக் கழட்டுவா. நான் மேசையிலை இருந்த மின்சாரக் கட்டணக் கடிதத்தின்ரை பின்பக்கம் எழுதினன், இடம் காணாமல் ரஞ்சியின்ரை கலண்டரிலை எழுதினன்.

“உனக்கு உவ்வளவும் எப்பிடித் தெரியும்?”

“ஒரு வருஷம் பெங்கிலை இருந்து பார்த்தனான்தானே அப்பா. எனக்கு வேறை வேலை இல்லை.”

பெங்க் எண்டால் வாங்கு. மாற்று ஆக்கள் குந்தியிருக்கிற இடம். அவ அதைச் சும்மா சொன்னா. அதோடையே கேட்டன்.

“இந்த வருஷம்?”

“இந்த வருஷம் ரெட்ஷேர்ட் இல்லை. இன்பித்தர்.” மாற்று ஆட்டக்காரிக்கு நோர்வேஜியச் சொல்லு. “வெளி ஆக்களோடை ஆறு மட்ச் முடிஞ்சுது. இன்னும் இறக்கேல்லை.”

“சிவப்புச் சேட்டு எண்டால் என்னெண்டு எனக்கு அப்ப தெரியாது பிள்ளை.”

“தெரியும் அப்பா.”

“எனக்குத் தெரியாது எண்டு உனக்குத் தெரியுமோ?”

“கதிரைக்கு மாலை போட்ட படம் அனுப்பினீங்கள்” எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சா. உண்மையாச் சிரிச்சா.

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் அவ்வளவு சந்தோசமா இருந்தீங்கள். எங்கடை வீட்டிலை ஒராளாவது சந்தோசமா இருக்கட்டும் எண்டு விட்டனான்.”

நான் ரெலிபோனை மேசையிலை வைச்சுப்போட்டு மூக்கைச் சீறினன். ரஞ்சி பக்கத்திலை வந்து நிண்டு, ஆர் செத்தது எண்டு கையாலை கேட்டா. ஒருத்தரும் இல்லை எண்டு கையாலை சொன்னன்.

“என்னைப் பற்றி என்ன எழுதப்போறீங்கள்?” துளசி கேட்டா.

“உள்ளதை.”

“உள்ளது ஒரு வரிதானே. சரி, எழுதுங்கோ.”

6

நான் எழுதிக் குடுத்த முன்னோட்டத்திலை கொஞ்சம் கீழை தாறன். அணிகளின்ரை பேரை நான்தான் மொழிபெயர்த்தனான். அங்கை ஒவ்வொரு கல்லூரி அணியும் ஒரு மிருகத்தின்ரையோ பறவையின்ரையோ தொழிலின்ரையோ காத்துமழையின்ரையோ பேரிலைதான் ஆடும்.

‘முதலாம் இடம் நீர்நாய்களுக்கு. போன வருஷத்து ஐஞ்சு பேரும் அப்பிடியே நிக்கினம். பந்தை விடாயினம், சிரிக்காயினம்.

ரெண்டாம் இடம் சேவல்கள். சேவல் எண்டாலும் பெண்பிள்ளையள்தான். நடுவிலை ஆடுற பிள்ளை ஆறடி நாலு அங்குலம். பிழையில்லாத பிள்ளை, ஆனால் பந்து கிடைச்சால் வலப்பக்கம் மட்டும்தான் திரும்புவா. இதைக் கண்டுபிடிச்சது ஆர் எண்டு நான் சொல்லேல்லை.

தபால்காரர் மூண்டாம் இடத்துக்கு வருவினம். நாலு பேர் வேறை கல்லூரிக்கு மாறிட்டினம். மிஞ்சின ஆக்கள் தூரத்திலை நிண்டு எறிவினம். சில நாள் போய்ச் சேரும், சில நாள் சேராது.

புயல், சூறாவளி, இடிமுழக்கம் எண்டு மூண்டு அணி. நாலாம், ஐஞ்சாம், ஆறாம் இடங்களை இவை பிரிச்சு எடுப்பினம். எந்த ஒழுங்கிலை எண்டு வானிலை ஆக்களைத்தான் கேக்கவேணும். எட்டாம் இடம் காட்டெருமைகள்: பயிற்சியாளர் புதுசு, மண்டபம் புதுசு, முழங்கால்கள் பழசு.

ஏழாம் இடம் எங்கடை கொக்குகள். இந்தக் கொக்குகள் மஞ்சள் உடுப்புப் போடுவினம், ஏனெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஓடுவினம், நல்லா ஓடுவினம், ஆனால் ஓடிப்போன இடத்திலை பந்து இருக்காது. பதினாலாம் இலக்கம் துளசி, இன்பித்தர். போன வருஷம் சிவப்புச் சேட்டு. சிவப்புச் சேட்டு எண்டால் பயிற்சிக்கு வரலாம், ஆட்டத்துக்கு இறங்கேலாது. அது விருது இல்லை. நான் பிழையா விளங்கி உங்கள் எல்லாருக்கும் பிழையாச் சொன்னனான். துளசி இண்டைவரைக்கும் ஒரு நிமிசமும் விளையாடேல்லை.’

தவம் அண்ணை வாசிச்சுப்போட்டு நேரை பள்ளிக்கூடத்துக்கே வந்தார். நான் பனிக்கு உப்புப் போட்டுக்கொண்டு நிண்டன்.

“முதல்ல இதச் சொல்லுங்க. ஆரு இந்த இன்பப் பித்தர்?”

விளங்கப்படுத்தினன்.

“சரி, அது போகட்டும். கடைசிப் பந்திய எடுக்கணும் தம்பி. இதப் போட்டா நம்மட விழாவுக்கு என்னகா மதிப்பு? நான் ஒலிவாங்கியில முழங்கியிருக்கன். கப்டன் எண்டு போடுவம். ஆரு போய்ப் பாக்கப்போறாங்க?”

“புதன்கிழமை எல்லாரும் பெருந்திரையிலை பாக்கப்போகினம் அண்ணை.”

அது அவரின்ரை யோசினையிலை வரேல்லை. ஆனாலும் விடுறார் இல்லை. துணைக் கப்டன் எண்டார். எதிர்காலக் கப்டன் எண்டார். நான் உப்பு வாளியைக் கீழை வைச்சன்.

“அண்ணை, அந்தப் பந்தி இல்லாட்டில் முன்னோட்டமும் இல்லை, யிம்சாலும் இல்லை. திறப்பு என்னட்டை.”

கையிலை இருந்த தாளை மடிச்சுப் பொக்கற்றிலை வைச்சார். பிறகு, “நீங்க நல்ல விசர் புடிச்ச ஆள்கா” எண்டு சொல்லிப்போட்டு, போற வழியிலை திரும்பி, “அந்த நாப்பது சேட்டும் கிடக்குதானே? எல்லாத்தையும் கொண்டாங்க. சேட்டுப் பிழையா இருந்தாலும் பேரு நம்மட புள்ளட பேருதானே” எண்டார். அந்த மனிசனிலை எனக்கு இருந்த கோவம் அப்பிடியே போச்சு. அண்டைக்குப் பின்னேரம் நிலவறைக்குப் போய், ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலை வந்தன்.

7

புதன்கிழமை அறுபது பேர் வந்திச்சினம். நாப்பது பேர் சிவப்புச் சேட்டு. சீலைக்கு மேலை சேட்டு, கோட்டுக்கு மேலை சேட்டு. பற்றரி மெழுகுதிரி அஞ்சையும் அஞ்சு பேர் சுவிச் போட்டு மாநாட்டைத் தொடக்கி வைச்சினம். ட்ரம்மன் மனிசி பெண் கல்வியைப் பற்றிப் பேசினா. பத்து நிமிசம் எண்டவ இருவத்தஞ்சு நிமிசம் பேசினதாலை நாங்கள் திரையைப் போடேக்கை ஆட்டம் தொடங்கிட்டுது.

திரை எண்டால் திரை இல்லை. பிள்ளையள் ஏறித் தொங்குற மரச்சட்டம் அடிச்ச சுவரிலைதான் படம் விழுந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரியும் எட்டுத் துண்டாத் தெரிஞ்சா. முகம் தெரியாது, இலக்கம் தெரியாது. நிறம் மட்டும் தெரிஞ்சுது. சிவப்பும் மஞ்சளும்.

சனம் சிவப்பைக் கண்டதும் எழும்பிட்டுது. சிவப்பு பந்து போட்டால் விசில், மஞ்சள் போட்டால் ஐயோ. அங்கை மண்டபத்திலை ஆயிரம் பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாத்துக்கும் கத்தினபடியாலை சத்தத்தை வைச்சும் ஒண்டும் பிடிக்கேலாது. நான் வயர் இழுத்து, பியூஸ் பார்த்து, கோப்பி ஊத்திக்கொண்டு திரிஞ்சன். மஞ்சள் கொக்கு எண்டு என்ரை கையாலையே எழுதின நானும் ரெண்டு தரம் சிவப்புக்குக் கைதட்டினன். சும்மா சொல்லக்கூடாது, சிவப்பு நல்லா ஆடிச்சினம். பாதி ஆட்டத்திலை பதினெட்டுப் புள்ளி முன்னாலை. தவம் அண்ணை என்னைக் கட்டிப்பிடிச்சு, “ஏழாம் இடமாகா? இவங்க சம்பியன்” எண்டார்.

அப்பதான் வேலை முடிஞ்சு செந்தில் உள்ளை வந்தார். கொஞ்சம் நிண்டு பார்த்தார். என்ரை காதுக்குக் கிட்ட வந்து, “அண்ணா, நாம ஆப்போசிட் டீமுக்குக் கை தட்டிட்டு இருக்கோம்ங்க. சிவப்பு, சேவல்” எண்டார்.

தவம் அண்ணை ஒலிவாங்கியை எடுத்து விசயத்தைச் சொன்னார். அறுபது பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தினம். ஒரு அன்ரி சேட்டைக் கழட்டப் பார்த்தா, சீலை ஊசி மாட்டிப்போச்சு. எனக்கு என்ரை வேலை ஞாபகம் வந்தது. பொருள் அறையைத் திறந்து, பிள்ளையளை ரெண்டு அணியாப் பிரிக்கப் போடுற மஞ்சள் வலைப் பனியன் மூட்டையைக் கொண்டுவந்து கொட்டினன். பத்து வயசுப் பிள்ளையின்ரை அளவு. எல்லாரும் சிவப்புச் சேட்டுக்கு மேலை அதைத் தலையாலை இழுத்து மாட்டிச்சினம். சிலருக்குக் கழுத்தோடை நிண்டுட்டுது. அப்பிடியே நெஞ்சை இறுக்கிக்கொண்டு இருந்து, கொக்குகள் தோக்கிறதை முழு மனசோடை பார்த்தினம்.

ரஞ்சி மட்டும் ஒண்டும் மாத்தேல்லை. முன்வரிசையிலை கையைக் கட்டிக்கொண்டு இருந்தவ. “அவவை எப்ப விடுவினம்?” எண்டு ஒவ்வொரு அஞ்சு நிமிசமும் கேட்டா. தெரியாது எண்டன். இப்ப எனக்குத் தெரியாது எண்டு சொல்லுறதிலை ஒரு வெக்கமும் இல்லை.

கடைசியிலை, தோல்வி நிச்சயம் எண்டாப்பிறகு, மஞ்சளிலை ஒரு உருவம் எழும்பி மேல்சட்டையைக் கழட்டிச்சுது. மரச்சட்டத்திலை எட்டுத் துண்டாத்தான் தெரிஞ்சுது. ரஞ்சி எழும்பிட்டா. “அது அவதான். நடையைப் பாருங்கோ.”

நாலு நிமிசம் இருந்தது. உள்ளை போனவுடனை துளசி ஒரு பிள்ளையை இடிச்சு விழுத்தினா. நடுவர் விசில் ஊதினார். எங்கடை யிம்சால் எழும்பி நிண்டு கைதட்டினது. பிறகு தூரத்திலை நிண்டு ஒரு பந்து எறிஞ்சா, கூடையிலையும் படேல்லை, பலகையிலையும் படேல்லை. அதுக்கும் கைதட்டினம். பிறகு சேவல்களின்ரை அந்த ஆறடி நாலு அங்குலப் பிள்ளைக்குப் பந்து போச்சு. துளசி முதலே போய் அவவின்ரை வலப்பக்கத்திலை நிண்டா, ஆரோ நிக்கச் சொன்ன இடம் மாதிரி. அந்தப் பிள்ளை வலப்பக்கம் திரும்பினா. பந்து துளசியின்ரை கையிலை.

நான் என்ன செய்தன் எண்டு எனக்குத் தெரியாது. நான் கோப்பிப் போத்திலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதனான் எண்டு செந்தில் சொன்னார்.

கொக்குகள் இருவத்திமூண்டு புள்ளியாலை தோத்தினம்.

8

சனம் போனாப்பிறகு நாங்கள் கதிரை அடுக்கிக்கொண்டு நிக்கேக்கை துளசி எடுத்தா. அங்கை மத்தியானம். நான் இஞ்சை பகலே அனுப்பின மலர்ப் பக்கத்தின்ரை படம் கையிலை இருக்கு எண்டா. தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை ஆறாம் வகுப்போடை விட்ட பிள்ளை. எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பா.

“நான் வாசிக்கிறன், பிழையெண்டால் சொல்லுங்கோ” எண்டா. நீ-ர்-நா-ய்-க-ள் எண்டு தொடங்கினா. தபால்காரரிலை மூச்சு வாங்கினா. காட்டெருமை எண்டால் என்னெண்டு கேட்டா. நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தன், ரஞ்சி பக்கத்திலை இருந்தா. தவம் அண்ணையும் பனியனைக் கழட்ட மறந்து நிண்டு கேட்டார்.

கடைசிப் பந்திக்கு வந்திட்டா. அந்த வரியை மெல்ல மெல்ல வாசிச்சா. “இண்-டை-வ-ரை-க்-கும் ஒ-ரு நி-மி-ச-மும் வி-ளை-யா-டே-ல்-லை.” நிப்பாட்டினா.

“அப்பா, இது பிழை.”

“ஏன் பிள்ளை, நீ சொன்னதைத்தானே எழுதினனான்.”

“அது பழசு. இப்ப நாலு நிமிசம். மாத்துங்கோ.”

சரி எண்டன். மலர் இருநூறு அடிச்சது, சனம் வெளிக்கிடேக்கை குடுத்தது போக மேடையிலை நூற்றிநாப்பது மிச்சம் கிடந்தது. நான் முதல் பிரதியை மடியிலை விரிச்சு, பொக்கற்றிலை இருந்த பேனையை எடுத்து, ‘ஒரு நிமிசமும் விளையாடேல்லை’ எண்டதை வெட்டி, மேலை ‘நாலு நிமிசம் விளையாடினவ’ எண்டு எழுதினன். ரஞ்சி ரெண்டாவதை எடுத்துத் தந்தா. மூண்டாவதை எழுதேக்கை தவம் அண்ணை எட்டிப் பார்த்தார்.

“என்னகா செய்யிறீங்க?”

“பிழை திருத்துறன் அண்ணை.”

அவர் நான் வெட்டி எழுதினதை வாசிச்சார். பிறகு பனியனோடையே ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்திலை இருந்து, தன்ரை பேனையையும் எடுத்தார்.